வெளியேறியதும் தங்கியதும்: ஒரு வணிகத் தீர்மானத்திலிருந்து எதை அனுமானிக்கலாம்?

ஒரு நிறுவனம் ஒன்றைப் பெறும் பொருட்டு மற்றொன்றை விட்டுக்கொடுக்கும்போது, அச்செயல் பார்ப்பவர்களுக்கு ஒரு சாட்சியமாக அமைகிறது. எதை அந்நிறுவனம் பெரிதென மதித்தது, எதைச் சிறிதென மதித்தது என்பதை அச்சாட்சியத்தைக் கொண்டு உய்த்துணரலாம். ஆனால் அது எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தேர்வு விடைத்தாள்களிலும் சரி, கொள்கைக் குறிப்புகளிலும் சரி, ஒரே விதமான பிழை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது: தீர்மானம் தெரிவிக்காத ஒன்றை அது தெரிவித்ததாகக் கொள்வதே அப்பிழை. மாணவர் இப்பிழையைச் செய்தால் மதிப்பெண் குறையும். அதிகாரி செய்தால் அடுத்த சட்டமே தவறான அடிப்படையின் மேல் எழும்.

இதனை ஆராய நம் நாட்டுப் பொருளாதார வரலாற்றிலேயே தக்க உதாரணம் இருக்கிறது. 1977இல் கோக்கோ கோலா நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. சட்டம் அதை விரட்டிவிட்டது என்றனர் ஒரு சாரார். சுரண்டல் ஓய்ந்தது என்றனர் மற்றொரு சாரார். இந்தியச் சந்தையை அந்நிறுவனம் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்போரும் உளர். இம்மூன்றும் அனுமானங்களே. இவற்றுள் எது ஆதாரத்தின் மேல் நிற்கிறது, எது அந்தரத்தில் தொங்குகிறது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் 'முடிவு' என்னும் ஒரே சொல் நிறுவனம் எடுப்பதையும் குறிக்கிறது. ஆராய்பவர் கண்டடைவதையும் குறிக்கிறது. கடைசியில் நேர்ந்ததையும் குறிக்கிறது. பாதிக் குழப்பம் இதனாலேயே விளைகிறது என்று கூறினும் தவறாகாது. ஆகவே இக்கட்டுரையில் நிறுவனம் எடுப்பது தீர்மானம். அதிலிருந்து நாம் பெறுவது அனுமானம். பின்னர் நேர்ந்தது விளைவு.

தெரிந்த உண்மைகள்

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1974 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 29ஆம் பிரிவின்படி, அந்நிய நிறுவனங்களின் கிளைகளும், 40 சதவீதத்திற்கு மேல் அந்நியப் பங்கு கொண்ட கம்பெனிகளும் இந்தியாவில் தொடர்ந்து தொழில் நடத்த ரிசர்வ் வங்கியின் அனுமதி பெறவேண்டியிருந்தது. பொதுவாக அந்நியப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கவேண்டும் என்பது அனுமதிக்கு நிபந்தனை. அடிப்படைத் தொழில்கள், உயர் தொழில்நுட்பம் தேவைப்படும் தொழில்கள், பெருமளவு ஏற்றுமதி செய்யும் தொழில்கள் ஆகியவற்றுக்கு மட்டும் 51 அல்லது 74 சதவீதம் வரை சலுகை உண்டு.

கோக்கோ கோலா இங்கு ஒரு கிளையாகவே இயங்கிவந்தது. பானத்தின் மூலக்கலவையைத் தயாரித்து, புட்டிகளில் அடைத்து விற்கும் இந்திய ஆலைகளுக்கு அளிப்பது அதன் தொழில். அக்கலவையின் செய்முறை இரகசியம். ஓர் இந்தியக் கம்பெனியை ஏற்படுத்தி, அதில் 40 சதவீதத்தோடு நின்றுகொள்வதுடன், தொழில்நுட்ப அறிவையும் அக்கம்பெனிக்கு மாற்றவேண்டும் என்று அரசு கோரியது. பங்கைக் குறைத்துக்கொள்ள நிறுவனம் இசைந்தது. ஆனால் தரக் கட்டுப்பாட்டுக்கென ஓர் அலுவலகத்தைத் தன் முழு உடைமையாக வைத்துக்கொள்ள விரும்பியது. அரசு இதனை ஏற்கவில்லை. அப்போது தொழில்துறை அமைச்சராக இருந்தவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். நிறுவனம் வெளியேறத் தீர்மானித்தது.

உண்மைகள் இவ்வளவே. இனி வருவன அனுமானங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்துக்கொள்வது நல்லது.

தீர்மானம் ஒரு தராசு

வெளியேறிய நிறுவனம் எதை இழந்தது? இந்தியாவில் எதிர்காலத்தில் கிடைக்கக்கூடிய லாபத்தில் தன் பங்கை இழந்தது. எதைக் காத்துக்கொண்டது? செய்முறையின் இரகசியத்தையும், அதன் மீதுள்ள முழு ஆதிக்கத்தையும் காத்துக்கொண்டது. ஆகவே, 1977இல் தீர்மானித்தவர்களின் மதிப்பீட்டில், இரண்டாவது முதலாவதைவிடக் கனமானது என்று அனுமானிக்கலாம். இந்த அனுமானம் உறுதியானது.

ஆயினும் இதன் எல்லையைக் கவனிக்கவேண்டும். எந்தத் தட்டு தாழ்ந்தது என்பதை மட்டுமே தராசு காட்டுகிறது. எவ்வளவு தாழ்ந்தது என்பதை அது காட்டவில்லை. இரகசியத்தின் மதிப்பு இந்திய லாபத்தைவிட ஒரு மடங்கு பெரிதா, நூறு மடங்கு பெரிதா என்பது இத்தீர்மானத்திலிருந்து தெரியவராது.

இங்கேதான் 'இந்தியச் சந்தையை அந்நிறுவனம் மதிக்கவில்லை' என்னும் கூற்று வழுக்கி விழுகிறது. ஒருவர் ஒரு பொருளை விட்டுக்கொடுத்தார் என்பதனால் அப்பொருள் அவருக்கு அற்பமானது என்று ஆகாது. மகளின் படிப்புக்காக நிலத்தை விற்ற குடியானவருக்கு நிலத்தின் மேல் பற்றில்லை என்று யாரேனும் சொல்வாரா? நிலம் அவருக்கு எவ்வளவு அருமையானது என்று நாம் அறிகிறோமோ, அந்த அளவுக்குப் படிப்பை அவர் எவ்வளவு பெரிதாக எண்ணினார் என்பதும் புலனாகிறது. அதுபோலவே இந்தியச் சந்தை உண்மையில் அற்பமானதாக இருந்திருந்தால், அதை விட்டுச் செல்வதில் இழப்பே இல்லை; இழப்பில்லாத தீர்மானம் இரகசியத்தின் மதிப்பைப் பற்றி நமக்கு ஒன்றையும் கற்பிக்காது. விட்டது பெரிதாக இருக்க இருக்கத்தான் காத்ததன் மதிப்பு பற்றிய நம் அனுமானம் வலுப்பெறும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 40 சதவீதப் பங்கினால் வரும் லாபம் இந்தியாவுக்குள் அடங்கியது. இரகசியத்தின் இழப்போ நாட்டு எல்லையோடு நிற்பதன்று. ஒரே செய்முறையை வைத்து உலகெங்கும் விற்கும் நிறுவனம் அதை ஓரிடத்தில் பகிர்ந்தால் எல்லா இடங்களிலும் அதன் நிலை தளர்கிறது. பிற அரசுகளும் இதனை முன்னுதாரணமாகக் காட்டக்கூடும். ஆகவே இந்தியச் சந்தையோடு உலகச் சந்தை நிறுக்கப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். இது திண்ணமான உண்மை அன்று. ஆயினும் தொழிலின் தன்மையைக் கொண்டு பார்க்கும்போது பெரிதும் நம்பத்தக்க அனுமானம்.

நிராகரிக்கப்பட்ட யோசனையின் பயன்

ஒரு பேரத்தின் இறுதித் தீர்மானத்தைவிட, இடையில் வைக்கப்பட்டு ஏற்கப்படாத யோசனைகள் ஆராய்பவருக்கு அதிகம் கற்பிக்கின்றன. இதை நம் பாடநூல்கள் போதிய அளவு வற்புறுத்துவதில்லை.

'கோக்கோ கோலா வெளியேறியது' என்பது மட்டும் தெரிந்திருந்தால், அதற்குத் தடையாக இருந்தது 40 சதவீத வரம்பா, இரகசியமா, இரண்டுமா என்று பிரித்தறிய வழியில்லை. ஆனால் பங்கைக் குறைக்க இசைந்து, தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதும் தெரிந்தவுடன் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பங்கு விகிதத்தை விட்டுக்கொடுக்க முடிந்தது. செய்முறையை விட்டுக்கொடுக்க முடியவில்லை. சட்டத்தின் பெயரால் இன்றளவும் நினைவுகூரப்படும் 40 சதவீதம் என்னும் எண், இந்த ஒரு நிறுவனத்தைப் பொறுத்தவரை முக்கியமான முட்டுக்கட்டை அன்று என்றே அனுமானிக்கவேண்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: பேரத்தில் வைக்கப்படும் யோசனை மனத்திலுள்ளதை அப்படியே காட்டும் என்பதற்கில்லை. ஏற்கப்படாது என்று தெரிந்தே வைக்கப்படும் யோசனைகளும் உண்டு. ஆனால் இவ்விடத்தில், யோசனை நிராகரிக்கப்பட்ட பிறகு நிறுவனம் உண்மையாகவே வெளியேறியது. சொல்லும் செயலும் ஒத்துப்போகும்போது சொல்லின் நம்பகம் கூடுகிறது.

ஐ.பி.எம். நிறுவனத்தின் நிலையும் இதை ஒத்தது. கணிப்பொறிச் சேவை மையங்களை மட்டும் 40 சதவீதக் கம்பெனியாகப் பிரித்துத் தரவும், இயந்திரங்கள் தொடர்பான தொழிலையும் ஏற்றுமதியையும் முழு உடைமையாகவே வைத்துக்கொள்ளவும் அது முன்வந்தது. அரசு ஏற்காததால் 1978இல் வெளியேறியது. முழு உடைமை என்பது உலகெங்கும் அந்நிறுவனம் கைக்கொண்டிருந்த கொள்கை. ஆனால் அதே நிறுவனம் 1992இல் டாட்டா குழுமத்துடன் கூட்டாகவே இந்தியாவுக்குத் திரும்பியது. கொள்கை என்று பெயர் சூட்டப்பட்டதுகூட எக்காலத்துக்கும் மாறாத ஒன்றன்று, தராசில் வைக்கப்பட்ட ஓர் எடைதான் என்பதை இது காட்டுகிறது.

ஒரே சட்டம், வேறு வேறு தீர்மானங்கள்

'சட்டம் விரட்டியது' என்னும் கூற்றை இப்போது சோதிக்கலாம். சட்டம் ஒன்றே போதிய காரணமாக இருந்திருந்தால், அச்சட்டத்துக்கு உட்பட்ட அந்நிய நிறுவனங்கள் அனைத்தும் வெளியேறியிருக்கவேண்டும். அவ்வாறு நிகழவில்லை. பெரும்பாலானவை இசைந்து தங்கின. கோல்கேட் பாமாலிவ் நிறுவனம் 1978இல் தன் தாய் நிறுவனத்தின் பங்கை 40 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்திலோ அந்நியப் பங்கு படிப்படியாக இறங்கி, 1980இல் 51 சதவீதத்தில் நின்றது.

ஆகவே சட்டம் ஒன்றே போதிய காரணம் அன்று. ஆனால் இதிலிருந்து உடனே 'சட்டம் காரணமே அன்று' என்று தாவுவதும் அதே அளவு பிழை. போதிய காரணம் வேறு, இன்றியமையாத காரணம் வேறு. சட்டம் இல்லாதிருந்தால் 1977இல் கோக்கோ கோலா வெளியேறியிருக்கும் என்று நினைக்க ஏதும் ஆதாரம் இல்லை. தீக்குச்சி ஒன்றே வீட்டை எரித்துவிடாது, வைக்கோலும் வேண்டும். அதற்காகத் தீக்குச்சி குற்றமற்றது என்று தீர்ப்பளிப்பாரும் இல்லை. சட்டமும் தொழிலின் தன்மையும் சேர்ந்தே தீர்மானத்தை விளைவித்தன என்பதே இங்குப் பொருந்தும் அனுமானம். ஓர் இரகசியத்தையே முதலாகக் கொண்ட நிறுவனம் ஒருவிதமாகவும், விற்பனை அமைப்பையும் விளம்பரத்தையும் முதலாகக் கொண்ட நிறுவனம் வேறுவிதமாகவும் நடந்துகொண்டன. பற்பசையின் செய்முறையை எவரும் பெட்டகத்தில் பூட்டிவைப்பதில்லை.

இந்துஸ்தான் லீவரின் தீர்மானம் தனிக் கவனத்துக்கு உரியது. சோப்பும் சலவைத்தூளும் செய்யும் நிறுவனத்துக்கு 51 சதவீதச் சலுகை எளிதில் கிட்டாது. அந்நிறுவனம் இரசாயனத் துறையிலும் ஏற்றுமதியிலும் முனைந்தது; 1979இல் வங்காளத்தின் ஹால்தியாவில் சோடியம் டிரைபாலிபாஸ்பேட் தயாரிக்கும் ஆலையைத் தொடங்கியது. பெரும்பான்மைப் பங்கைக் காத்துக்கொள்வதற்காகவே இந்த ஆலை எழுந்தது என்று அனுமானிக்கலாமா?

ஓரளவே அனுமானிக்கலாம். பெரும்பான்மைப் பங்குக்கு அந்நிறுவனம் உயர்ந்த மதிப்பு வைத்திருந்தது, அதற்கேற்பத் தன் முதலீட்டின் திசையை வகுத்தது என்பது தொழிலின் போக்கு முழுவதையும் பார்க்கும்போது ஏற்கத்தக்கது. ஆனால் குறிப்பிட்ட இந்த ஆலைக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல இயலாது. ஏனெனில் அந்த இரசாயனம் சலவைத்தூளுக்கே மூலப்பொருள். சட்டம் இல்லாவிட்டாலும் அதைத் தயாரிக்க நிறுவனத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு செயலுக்கு இரண்டு காரணங்கள் தனித்தனியே போதுமானவையாக இருக்கும்போது, செயலை மட்டும் பார்த்து எது இயக்கியது என்று கூறமுடியாது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது அளவை நூலார் காட்டும் பழைய உதாரணம்; இரண்டு அடுப்புகள் எரியும் வீட்டில் எந்த அடுப்பின் புகை என்று கூரைக்கு மேல் பார்த்துச் சொல்லமுடியாதல்லவா?

அரசின் பக்கமும் ஒரு தராசு இருந்தது. உயர் தொழில்நுட்பத்துக்கும் ஏற்றுமதிக்கும் சலுகை அளித்து, குளிர்பானத்துக்கு அளிக்க மறுத்தது. இதிலிருந்து அந்நிய மூலதனத்தையே அரசு வெறுத்தது என்று அனுமானிப்பது தவறு. 51 சதவீதத்தோடு லீவர் தங்கியிருப்பதே அதற்கு மறுப்பு. எந்த அந்நிய மூலதனம் நாட்டுக்குத் தேவையானது என்று தரம் பிரித்தது, அத்தரவரிசையில் குளிர்பானம் கீழே இருந்தது என்பது வரையில்தான் நாம் செல்லலாம். அந்தத் தரவரிசை சரியா, தவறா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு ஆதாரங்கள் வேண்டும்.

யாருடைய கணக்கு?

ஒரு நிறுவனத்தின் தீர்மானம் அந்நிறுவனத்தின் தராசையே காட்டுகிறது. அத்தராசில் வைக்கப்படாதவர்களைப் பற்றி அது மௌனமாகவே இருக்கும். கோக்கோ கோலாவைப் புட்டிகளில் அடைத்துவந்த இருபதுக்கு மேற்பட்ட ஆலைகள் இந்தியர்களுக்குச் சொந்தமானவை. இயந்திரங்களில் முதலீடு செய்தவர்கள் அவர்கள். அங்கு வேலை பார்த்தவர்களும் புட்டிகளை வண்டிகளில் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுசென்றவர்களும் நம் நாட்டுத் தொழிலாளர்கள். மூலக்கலவை நின்றுபோனால் இவர்கள் கதி என்ன என்பது அட்லாண்டா நகரத் தலைமையகத்தின் கணக்கில் எவ்வளவு இடம் பெற்றது என்பது நமக்குத் தெரியவராது. தீர்மானம் நிறுவனத்துக்கு ஆதாயம் என்பதால் அனைவருக்கும் ஆதாயம் என்றோ, நிறுவனத்துக்கு இழப்பு என்பதால் நாட்டுக்கும் இழப்பு என்றோ அனுமானிப்போர் இவ்விடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர்.

கோப்பில் குறிப்பெழுதும் அதிகாரி சிறப்பாகக் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். 'நிறுவனம் வெளியேறினால் ஏற்படும் இழப்பு' என்று ஒரே வரியில் எழுதப்படுவதில் யாருடைய இழப்பு என்பது மறைந்துபோகிறது. நிறுவனத்தின் இழப்பை அதன் கணக்கிலிருந்தே அறியலாம். ஆலைத் தொழிலாளரின் இழப்பை ஆலைக்குச் சென்றுதான் அறியவேண்டும்.

பின்னால் நடந்தவை எதை நிரூபிக்கின்றன?

வெளியேற்றத்துக்குப் பின் மூன்று பானங்கள் அந்த இடத்துக்குப் போட்டியிட்டன. பொதுத்துறையைச் சேர்ந்த மாடர்ன் புட் இண்டஸ்ட்ரீஸ், மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் செய்முறையைக் கொண்டு 'டபிள் செவன்' என்னும் பானத்தை வெளியிட்டது. 1977ஆம் ஆண்டே அதன் பெயராயிற்று. கோக்கோ கோலாவை அடைத்துவந்த டில்லியின் பியூர் டிரிங்க்ஸ் நிறுவனம் கேம்பா கோலாவைக் கொண்டுவந்தது. பார்லே நிறுவனம் தம்ஸ் அப்பை வெளியிட்டது. இவற்றுள் தம்ஸ் அப் ஓங்கி வளர்ந்தது. டபிள் செவன் மங்கி மறைந்தது.

'கோக்கோ கோலா போனதால் தம்ஸ் அப் வளர்ந்தது' என்று ஒரு மாணவர் எழுதினால் அதில் பாதி உண்மை இருக்கிறது. இடம் காலியானது மூவருக்கும் பொது. மூவருக்கும் பொதுவான ஒன்று, ஒருவர் வென்றதையும் மற்றவர் தோற்றதையும் விளக்கமாட்டாது. வேறுபாட்டை விளக்க, வேறுபட்ட ஒன்றையே தேடவேண்டும். பார்லே அதற்கு முன்பே கோல்ட் ஸ்பாட் முதலிய பானங்களை விற்றுப் பழகிய நிறுவனம். அந்த அனுபவம் காரணமாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்ற சொல்லை இங்கு விட்டுவிடக் கூடாது, ஏனெனில் இது ஊகம்.

1991இல் புதிய தொழிற்கொள்கை முன்னுரிமைத் தொழில்களில் 51 சதவீத அந்நியப் பங்குக்கு வழிதிறந்தது. 1993இல் கோக்கோ கோலா இந்தியாவுக்குத் திரும்பியது. தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் முதலிய பெயர்களைப் பார்லேயிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டம் வந்து, 2000 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த விளைவுகளைக் கொண்டு, '1977இல் வெளியேறியது தவறு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது' என்று எழுதுவோர் இருக்கின்றனர். இது பொருந்தாது. 1993இல் வந்தபோது செய்முறையைப் பகிரவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தராசின் ஒரு தட்டிலிருந்த எடையை எடுத்துவிட்டால் மறு தட்டு தாழ்வது இயற்கை. அதனால் முதல் நிறுவை பிழை என்று ஆகாது. பார்லேயின் பெயர்களை விலை கொடுத்து வாங்கியதிலிருந்து நாம் பெறக்கூடிய அனுமானம் வேறு: இல்லாதிருந்த 16 ஆண்டுகளில் அந்த இடத்தில் மற்றொருவர் வேரூன்றிவிட்டார், அந்த வேரின் மதிப்பு, நிறுவனத்தின் கணிப்பில், கொடுத்த விலைக்குக் குறைந்ததன்று. வாங்கியபின் தம்ஸ் அப் கைவிடப்படவில்லை. இன்றும் விற்பனையாகிறது என்பது இக்கணிப்புக்குத் துணை நிற்கிறது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

கோல்கேட் பாமாலிவ் 1978இல் 40 சதவீதத்துக்கு இசைந்தது. அக்காலத்தில் புதிதாக வெளியிடும் பங்குகளின் விலையை மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அலுவலகம் வரையறுத்தது. அவ்விலை சந்தை தரக்கூடிய விலையைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். அவ்வலுவலகம் 1992இல் மூடப்பட்டது. 1990களில், சட்டம் தளர்ந்தபின், தாய் நிறுவனம் தன் பங்கை மீண்டும் 51 சதவீதமாக உயர்த்திக்கொண்டது.

இதன்மேல் நான்கு கூற்றுகளைச் சோதித்துப் பார்க்கலாம். முதலாவது: '1978இல் 40 சதவீதம் அந்நிறுவனத்துக்கு விருப்பமானதாக இருந்தது.' இது பெறப்படாது. வெளியேறுவதைவிட மேலானது என்பதுவரைதான் பெறப்படும். வாய்ப்பு வந்தவுடன் பெரும்பான்மையை மீட்டுக்கொண்டது, விருப்பம் வேறாகவே இருந்தது என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது: 'தங்குவதால் கிடைக்கும் ஆதாயம், குறைந்த விலையில் பங்குகளை விட்டுக்கொடுத்த இழப்பைவிடப் பெரிதென நிறுவனம் கருதியது.' இது பெறப்படும். மூன்றாவது: 'அந்நிறுவனம் கருதியது பின்னர் சரியாயிற்று.' இதற்குத் தீர்மானம் சான்றாகாது. பிந்திய ஆண்டுகளின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கவேண்டும். நான்காவது: 'கோக்கோ கோலாவும் தங்கியிருந்தால் இதேபோல் ஆதாயம் பெற்றிருக்கும்.' இக்கூற்றுக்கு விடையெழுதுமுன், பற்பசை நிறுவனத்திடம் கேட்கப்படாத எது குளிர்பான நிறுவனத்திடம் கேட்கப்பட்டது என்பதை மாணவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.